பிள்ளைகளுக்கு விசுவாசத்தை வீட்டில் கற்றுக்கொடுப்பது எப்படி? சேலம், ஏற்காடு பகுதி கத்தோலிக்கப் பெற்றோருக்கு ஒரு கையேடு

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு வாரத்துக்கு ஒரு மணி நேரம். கோடை விடுமுறை, தேர்வு மாதம், மழை, கல்யாணம், காதுகுத்து எல்லாம் கழித்தால் ஆண்டுக்கு 35, 40 மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை செபங்களை மனப்பாடம் செய்யலாம், பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கலாம். செபிக்கும் பழக்கம் மட்டும் அங்கே வராது, அது வீட்டில்தான் வரும். சொல்லாலும் முன்மாதிரியாலும் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கும் கடமை மற்ற எல்லோருக்கும் முன்பாகப் பெற்றோருக்கே உண்டு என்று திருச்சபைச் சட்டத்தின் 774-ஆம் எண் சொல்கிறது. "கான்வென்ட்ல சேர்த்தாச்சு, சிஸ்டர் பாத்துப்பாங்க" என்று மலை மேல் விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் இந்தக் கடமை கழிந்துவிடுவதில்லை.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் தினமும் நடக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதை நடத்துவதற்கான வழிகள்தான்.

வீட்டுப் பீடம்

பெரும்பாலான வீடுகளில் திருஇருதயப் படம் வாசலுக்கு எதிரே, கதவு நிலைக்கு மேலே, சீரியல் பல்போடு தொங்கும். பெரியவர்களுக்கு அது சரி. மூன்று வயதுப் பிள்ளையின் கண் அவ்வளவு உயரத்துக்குப் போகாது. அதனால் தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் ஒரு சின்னப் பலகையோ ஸ்டூலோ போடுங்கள். அதில் ஒரு பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), திருவிவிலியம், ஒரு மெழுகுவர்த்தி, ஆளுக்கொரு ஜெபமாலை. இவை போதும். மின்கட்டண ரசீது, மாத்திரை அட்டை, வண்டிச் சாவி எதுவும் அங்கே வரக்கூடாது. அந்த இடம் மற்ற அலமாரிகளைப் போல் இல்லை என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளும்.

மெழுகுவர்த்தியை ஏற்றுவது பெரியவர், அணைப்பது பிள்ளை. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அணைக்கும் முறைக்காகவே நான்கு வயதுப் பிள்ளை செபம் முடியும் வரை உட்கார்ந்திருக்கும். பூ வைப்பது, சனிக்கிழமை தூசி துடைப்பது போன்ற வேலைகளையும் ஒரே பிள்ளைக்குத் தராமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் சிலுவை செய்யப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஈர்க்கை நீக்கிவிட்டு, அரை அங்குல அகலத்தில் ஒரு சாண் நீளத் துண்டு ஒன்று, அரைச் சாண் துண்டு ஒன்று. நீளத் துண்டில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இடத்தில் நகத்தால் குறுக்காக ஒரு கீறல் போட்டு, சின்னத் துண்டை அதில் நுழைத்து இழுத்தால் சிலுவை. ஓலை ஈரமாக இருக்கும்போதே செய்ய வேண்டும், மறுநாள் காய்ந்தால் கீறல் நீளமாகக் கிழிந்துவிடும். அதைச் சுரூபத்தின் பின்னால் செருகி வைத்து, அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனுக்கு முன் கோவிலில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையையும் பிள்ளையிடமே விடுங்கள். தன் கையால் செய்த ஓலைதான் சாம்பலாகி நெற்றிக்கு வருகிறது என்று தெரிந்தால் தவக்காலத்தைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சிலுவை அடையாளம்

இரண்டு வயதிலேயே தொடங்கலாம். எதிரே நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள். நீங்கள் இடது தோளைத் தொடும்போது, எதிரே நிற்கும் பிள்ளை கண்ணாடியில் பார்ப்பது போல் வலது தோளைத் தொடும். பிறகு மாற்றுவது கஷ்டம். பிள்ளையை மடியில் வைத்து, முகம் பீடத்தைப் பார்க்க, அதன் வலக்கையைப் பின்னாலிருந்து பிடித்து நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள் என்று கொண்டுபோங்கள். ஒவ்வோர் இடத்திலும் கை நிற்க வேண்டும். தந்தை, மகன், தூய ஆவியார் பெயரை அவசரமாகச் சொல்லி, ஈ ஓட்டுவது போல் கையை வீசும் பழக்கம் பெரியவர்களைப் பார்த்துத்தான் வருகிறது.

நற்செய்திக்கு முன் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் போடும் மூன்று சின்னச் சிலுவைகளை ஐந்து வயதில் சொல்லலாம். காரணத்தையும் கூடவே சொல்லுங்கள்: கேட்கிற வார்த்தை புத்தியில் இருக்கட்டும், வாயில் இருக்கட்டும், மனசில் இருக்கட்டும்.

தினசரிச் செபம்

பல வீடுகள் தடுக்கி விழும் இடம் இது. தியானம் முடித்து வந்த உற்சாகத்தில் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையும் மரியாயின் மன்றாட்டு மாலையும் நான்கு வயதுப் பிள்ளையோடு தொடங்குவார்கள். அரை மணி நேரம் ஆகும். பிள்ளை நெளியும், அதட்டுவார்கள், அழும். இரண்டு வாரத்தில் எல்லாம் நின்றுபோகும், பிள்ளைக்குச் செபம் என்றால் அதட்டல் என்பது மட்டும் மிஞ்சும்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்த அளவு போதும். சிலுவை அடையாளம். ஒரே ஒரு பத்து மணி ஜெபமாலை, அதாவது ஒரு பரலோக மந்திரம், பத்து அருள் நிறைந்த மந்திரம், ஒரு திரித்துவப் புகழ். இதற்கு நான்கு நிமிடம் ஆகும். செபிக்கும்போது நினைக்க வேண்டிய மறையுண்மைகள், அதாவது இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகள்: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் 2002-இல் புனித இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளி. அடுத்து நற்செய்தியில் ஒரு பத்தி. பிறகு பிள்ளை தன் வாயால் ஒரு மன்றாட்டு. கடைசியில் அப்பாவும் அம்மாவும் பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து, "இயேசு உன்னை ஆசீர்வதிப்பாராக" என்று சொல்வது. கடைசியில் சொன்னதை எந்த நாளும் விடாதீர்கள். கோபப்பட்டு அடித்த நாளிலும், காய்ச்சலில் பிள்ளை தூங்கிவிட்ட நாளிலும்கூட.

பத்து வயதானதும் ஐந்து பத்து மணியும் சொல்லலாம். அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் இதைத் தொடங்குவது எளிது, அன்பியத்தில், அதாவது பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் குழுவில், வீடு வீடாக நடப்பதால் பிள்ளைக்கும் பழகிவிடும்.

நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து வைக்காமல், ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு வேலையோடு சேர்த்து வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் வைப்பதுதான் சிறந்தது. படுக்கப் போகும் நேரத்தில் வைத்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். கொலுசுப் பட்டறையிலோ தறியிலோ வேலை செய்து அப்பா ஒன்பதரைக்கு வரும் வீடுகளில், ஸ்டீல் பிளான்ட் ஷிப்டுக்குப் போகும் வீடுகளில், இரவைப் பிடித்துத் தொங்க வேண்டாம். காலையில் பள்ளி கிளம்பும் முன் ஐந்து நிமிடம், அப்பாவும் சேர்ந்து நிற்பது அதைவிட நல்லது. செபம் என்பது அம்மாவும் பாட்டியும் செய்வது, அப்பா பைக்கைத் துடைப்பது என்று பிள்ளை பார்த்து வளர்ந்தால், பதினான்கு வயதில் பையன் அப்பா பக்கம் போய்விடுவான்.

பாட்டி "பிரியதத்தத்தினாலே பூரண மரியே" என்று சொல்வார், மறைக்கல்வியில் "அருள் நிறைந்த மரியே" என்று சொல்லித்தருவார்கள். பிள்ளை இரண்டையும் கலந்து பாதியில் நின்றுவிடும். பிள்ளை முன்னின்று சொல்லும்போது கோவிலில் சொல்லும் வடிவத்தையே எல்லோரும் சொல்லுங்கள், பாட்டி தன் முறை வரும்போது தன் வழக்கப்படி சொல்லட்டும். யாரையும் திருத்த வேண்டாம்.

நற்செய்தி வாசிப்பது

மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். நான்கில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். நாளுக்குப் பத்து வசனம் போல வாசித்தால் இரண்டு, இரண்டரை மாதத்தில் முடியும். செல்போனில் வாசிக்காமல் புத்தகத்தில் வாசியுங்கள். போனைக் கையில் எடுத்தால் நடுவில் ஒரு வாட்ஸ்அப் சத்தம் கேட்கும், எல்லோர் கண்ணும் அங்கே போய்விடும்.

இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு திருவிவிலியத்தின் தமிழைச் சரளமாக வாசிக்க வராது. அதற்காகச் செபத்தையே ஆங்கிலத்துக்கு மாற்றிவிடாதீர்கள். 1623-இல் இத்தாலிய இயேசு சபைக் குரு தெ நொபிலி சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தபோது, இந்த மண்ணின் மொழியிலேயே மறையைச் சொன்னார். அழும்போதும் பயப்படும்போதும் எந்த மொழி வாயில் வருகிறதோ, அந்த மொழியில் செபமும் இருக்க வேண்டும். நீங்கள் வாசியுங்கள், பிள்ளை கேட்கட்டும். எட்டு வயதுக்கு மேல் நாளுக்கு இரண்டு வசனம் பிள்ளை வாசிக்கட்டும். தமிழ் வாசிப்பும் சேர்ந்து வரும்.

வாசித்ததும் "இதுல இருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். பிள்ளைக்கு அது பள்ளிக்கூடக் கேள்வி, உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போகும். நடந்ததைக் கேளுங்கள். முடக்குவாதக்காரனை எத்தனை பேர் தூக்கி வந்தார்கள்? நாலு பேர். கூட்டத்தில் உள்ளே போக முடியாமல் என்ன செய்தார்கள்? கூரையைப் பிரித்தார்கள். யாயிர் மகளுக்கு என்ன வயசு? பன்னிரண்டு. அவள் எழுந்ததும் இயேசு என்ன கொடுக்கச் சொன்னார்? சாப்பாடு. பசி தெரிந்தவர் இயேசு என்பதை அந்தப் பிள்ளை யாரும் சொல்லாமலேயே எடுத்துக்கொள்ளும்.

ஞாயிறு பூசை

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பின்வரிசையில், வாசல் ஓரம் உட்காருவதுதான் வழக்கம். அங்கிருந்து பிள்ளைக்குத் தெரிவது முன்னால் இருப்பவர்களின் முதுகு மட்டும்தான். பீடம் தெரியாத பிள்ளை வேறென்ன செய்யும், ஓடும். முன்வரிசையில் ஓரமாக உட்காருங்கள். தாளம், பாடல், மணி, சாமி (குருவானவர்) கையை உயர்த்துவது எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தால் பிள்ளை பாதி நேரம் தானாகவே அமைதியாக இருக்கும். அழுதால் வெளியே கொண்டுபோங்கள், அடங்கியதும் திரும்ப உள்ளே வாருங்கள். வெளியே போய் மரத்தடியில் விளையாட விட்டால், அழுதால் விளையாட்டு கிடைக்கும் என்பதை ஒரே ஞாயிறில் கற்றுக்கொள்ளும்.

கோவிலுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு விஷயம் சொல்லி வையுங்கள், எல்லாவற்றையும் விளக்க வேண்டாம். "இன்னைக்கு சாமி என்ன கலர் உடுப்பு போட்டிருக்கார்னு பாத்துச் சொல்லு." பச்சை என்றால் பொதுக்காலம், ஊதா என்றால் தவக்காலமோ திருவருகைக்காலமோ, வெள்ளை என்றால் விழா, சிவப்பு என்றால் தூய ஆவியார், ஆண்டவரின் பாடுகள், அல்லது மறைசாட்சிகள். அடுத்த வாரம், மணி அடிக்கும்போது அப்பத்தைப் பார்த்து "என் ஆண்டவரே, என் கடவுளே" என்று தோமா சொன்னதை மனசுக்குள் சொல்லச் சொல்லுங்கள். நற்கருணைப் பேழைக்கு முன் வலது முழங்காலை முழுதாக ஊன்ற வேண்டும். இந்தியாவில் கைகூப்பி ஆழமாகத் தலைவணங்கவும் 1969 முதல் அனுமதி உண்டு. எதைச் செய்தாலும் நின்று செய்ய வேண்டும், நடந்துகொண்டே குனிவது வணக்கம் ஆகாது.

காணிக்கையைத் தட்டு வரும்போது பிள்ளையின் கையில் திணிக்காதீர்கள். பிள்ளையின் சொந்த உண்டியலில் இருந்து இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ சனிக்கிழமை இரவே எடுத்து வைக்கட்டும்.

பேராலயம் அரிசிபாளையத்தில் பக்கத்திலேயே இருந்தும், சேலத்துப் பிள்ளைகள் பலர் அதை வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை குழந்தை இயேசு பேராலயத்துக்குக் கூட்டிப்போய் ஆயருடைய இருக்கையைக் காட்டுங்கள். சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது. நம் பங்கு தனியாக இல்லை, ஆயரோடும் உரோமையோடும் சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல அந்த நாற்காலி உதவும். புனித எண்ணெய்கள் மந்திரிக்கும் பூசைக்கு மறைமாவட்டக் குருக்கள் எல்லோரும் கூடுவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

மலையில் எஸ்டேட் வேலையில் இருக்கும் குடும்பங்களுக்குச் சூழல் வேறு. கிளைக் கோவில்களில் எல்லா ஞாயிறும் பூசை இருக்காது. பஸ்ஸும் நினைத்த நேரத்துக்கு வராது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் திருவருகைக்காலத்தோடும் கிறிஸ்துமஸோடும் சேர்ந்தே வரும். பூசைக்குப் போக வழியே இல்லாத ஞாயிறில், குடும்பமாகவோ நாலு குடும்பம் சேர்ந்தோ செபிக்கும்படி திருச்சபைச் சட்டத்தின் 1248-ஆம் எண் வலியுறுத்துகிறது. உபதேசியார் இருந்தால் அவர் நடத்துவார். இல்லையென்றால், பூசைக்குப் போகிற நல்ல உடுப்பையே போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த ஞாயிறின் மூன்று வாசகங்களையும் பதிலுரைப் பாடலையும் வாசித்து, விசுவாசப் பிரமாணம் சொல்லி, மன்றாட்டுகளுக்குப் பிறகு, நன்மை வாங்க முடியாதபோது இயேசுவை மனசுக்குள் வரவேற்கும் ஆன்மீக நற்கருணைச் செபம் சொல்லி முடிக்கலாம். அரை மணி நேரம் ஆகும். டிவியில் பூசையைப் போட்டுவிட்டுச் சமைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பாவசங்கீர்த்தனமும் புதுநன்மையும்

புத்தி விவரம் வரும் வயதை, அதாவது ஏழு வயதை ஒட்டியே நற்கருணை கொடுக்கலாம் என்று 1910-இல் புனித பத்தாம் பத்திநாதர் வழி திறந்தார். புதுநன்மையை, அதாவது முதல் நற்கருணையை, பங்குகளில் வழக்கமாக மூன்றாம், நான்காம் வகுப்பில் கொடுக்கிறார்கள். அதற்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம்.

இதற்கான தயாரிப்பு வகுப்பில் தொடங்குவதில்லை, "சாமி கண்ணைக் குத்தும்" என்ற வார்த்தையை வீட்டை விட்டு ஒழிப்பதில் தொடங்குகிறது. கண்ணைக் குத்தும் கடவுளிடம் எந்தப் பிள்ளை போய் உண்மையைச் சொல்லும்? காணாமல்போன மகன் உவமையை, லூக்கா 15-ஆம் அதிகாரத்தை, அந்த மாதம் நான்கைந்து முறை வாசியுங்கள். மகன் மன்னிப்புக் கேட்டு முடிக்கும் முன்பே அப்பா ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார். அந்த இடத்தில் நிறுத்தி வாசியுங்கள்.

செய்முறையைப் பயிற்சியாக இரண்டு முறை சொல்லிக்கொடுங்கள். சாமியிடம் போய் சிலுவை அடையாளம் போட வேண்டும். இது முதல் பாவசங்கீர்த்தனம் என்றோ, கடைசியாகச் செய்து எவ்வளவு நாள் ஆயிற்று என்றோ சொல்ல வேண்டும். பாவங்களை எளிய வார்த்தையில் சொல்லி, சாமி சொல்வதைக் கேட்டு, அவர் தரும் பரிகாரத்தை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். மனத்துயர் செபம் சொல்ல வேண்டும். பாவமன்னிப்பு வார்த்தைக்கு "ஆமென்" சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் பரிகாரத்தை உடனே முடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் மறந்துவிடும். செபம் பாதியில் மறந்தால் சாமி எடுத்துக்கொடுப்பார் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

பாவங்களின் பட்டியலை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். "தம்பிய அடிச்சதையும் சொல்லு" என்று வாசலில் நினைவூட்டவும் வேண்டாம். உள்ளே என்ன சொன்னாய், சாமி என்ன சொன்னார் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். குருவானவர் உயிரே போனாலும் அதை வெளியே சொல்லக்கூடாது என்பது திருச்சபையின் சட்டம், அதை நீங்களும் மதிப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும். யாரோ ஒருவரிடம் தனியே போகப் பிள்ளை தயங்கினால் கட்டாயப்படுத்த வேண்டாம். காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள், சொன்னதை நம்புங்கள், வேறு குருவிடம் கூட்டிப்போங்கள்.

அன்று நீங்களும் வரிசையில் நில்லுங்கள். பெற்றோர் வரிசையில் நிற்பதைப் பார்க்காத பிள்ளை, பாவசங்கீர்த்தனம் என்பது சின்னப் பிள்ளைகள் செய்யும் ஒரு சடங்கு என்று முடிவுகட்டிவிடும்.

நற்கருணைக்கு முன்னான உபவாசம் ஒரு மணி நேரம். நன்மை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி அதைக் கணக்கிட வேண்டும். தண்ணீரும் மருந்தும் உபவாசத்தை முறிக்காது. வெறும் வயிற்றில் கூட்டிவந்து வெயிலில் மயங்கி விழ வைக்க வேண்டியதில்லை.

புதுநன்மைக்கு மண்டபம் பிடித்து, பேனர் அடித்து, கடன் வாங்கிப் பிரியாணி போடுவது இப்போது பெருகிவருகிறது. வெள்ளை உடுப்பு, வீட்டில் நல்ல சாப்பாடு, ஞானப்பெற்றோரைக் கூப்பிடுவது, இதோடு நிறுத்துங்கள். பிள்ளையின் ஞாபகத்தில் பரிசுக் கவர் எண்ணியதுதான் நிற்கும் என்றால் ஆறு மாதத் தயாரிப்பும் வீண். அடுத்த நான்கு ஞாயிறுதான் முக்கியம். புதுநன்மைக்குப் பிறகே பல வீடுகளில் பூசைக்கு வருவது தளரும். அந்த மாதத்துக்குள்ளேயே பீடச் சிறுவர் குழுவிலோ பாலர் சபையிலோ சேர்த்துவிடுங்கள்.

பக்கத்து வீடும், பள்ளி நண்பர்களும்

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் சேலமே திரளும். நம் பிள்ளையின் நண்பர்கள் கூழ் கொடுப்பார்கள், கூப்பிடுவார்கள். அவர்கள் வழிபாட்டை ஒரு வார்த்தை ஏளனமாகப் பேசக்கூடாது என்பதை வீட்டில் சட்டமாக வையுங்கள். மற்ற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருப்பது எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லியிருக்கிறது. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அது அவங்களுக்குப் புனிதம். நாம இயேசுவைத்தான் கும்பிடுறோம். மரியாதையா நடந்துக்கோ." பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது என்பதைக் கணவனும் மனைவியும் தாத்தா பாட்டியும் முன்பே பேசி ஒரே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். புனித பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை இதைத்தான் பேசுகிறார். குழப்பம் இருந்தால் பங்குச் சாமியிடம் கேளுங்கள். அப்பா ஒன்று, பாட்டி ஒன்று சொன்னால் பிள்ளை இருவரையும் விட்டுவிடும்.

ஜெபவீட்டுக்குப் போகும் பிற சபைக் கிறிஸ்தவ நண்பர்களிடமிருந்து வேறு மாதிரிக் கேள்விகள் வரும். எட்டாம் வகுப்புக்குள் இந்தப் பதில்கள் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். சிலையை ஏன் கும்பிடுகிறீர்கள்? நாம் சுரூபத்தை வழிபடுவதில்லை, அதற்குச் செலுத்தும் வணக்கம் அது குறிக்கும் ஆளுக்கே போகிறது. 787-இல் இரண்டாம் நீசேயா சங்கமே இதைச் சொல்லிவிட்டது. உடன்படிக்கைப் பேழை மேல் கெருபுகளைச் செய்யச் சொன்னதும் கடவுள்தான், விடுதலைப் பயணம் 25-இல் இருக்கிறது. மாதாவிடம் ஏன் செபிக்கிறீர்கள்? "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுதான் கேட்கிறோம், மந்திரத்தின் முதல் பாதி லூக்கா 1-ஆம் அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. உங்கள் பைபிளில் ஏன் கூடுதல் புத்தகங்கள்? நம்முடையது 73 நூல்கள், அவர்களுடையது 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் 1, 2, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு ஆகியவை ஆதித் திருச்சபையிலிருந்தே நம்மிடம் இருப்பவை. சண்டை போடாமல், குரலை உயர்த்தாமல் சொல்லப் பழக்குங்கள்.

கணவன் மனைவியில் ஒருவர் வேறு மதத்தவர் என்றால், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்வதாகக் கத்தோலிக்கத் துணைவர் திருமணத்துக்கு முன் வாக்குக் கொடுத்திருப்பார். அதை மற்றவருக்கும் தெரிவித்திருப்பார்கள். வாக்கைக் காப்பாற்றுங்கள், ஆனால் அவரைச் செபத்துக்கு இழுக்காதீர்கள். கூட உட்கார அழைத்தால் போதும். அவருடைய அம்மா அப்பாவின் வழிபாட்டைப் பிள்ளை முன்னால் குறைசொன்னால், பிள்ளை அன்போடு வைத்திருக்கும் பாட்டியைத்தான் நீங்கள் குறைசொல்கிறீர்கள்.

பதின்ம வயது

பத்தாவது, பன்னிரண்டாவது வந்தால் ஞாயிறு காலை டியூஷன். பூசை முதலில் போகும். ஆசிரியரிடம் நேரம் மாற்றக் கேளுங்கள், முடியாவிட்டால் சனிக்கிழமை மாலைப் பூசையோ ஞாயிறு முதல் பூசையோ இருக்கும் பங்கைத் தேடிப்பிடியுங்கள். "இந்த ஒரு வருஷம் மட்டும் பரவாயில்லை" என்று விட்டால், பிள்ளை கேட்டுக்கொள்வது மதிப்பெண் கடவுளைவிடப் பெரிது என்பதைத்தான்.

"பிக் பேங்னு படிச்சோம், பைபிள்ல வேற மாதிரி இருக்கே?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. மரபியலுக்கு அடிப்படை போட்ட மெண்டல் ஒரு துறவி. தொடக்க நூல் யார் படைத்தார், ஏன் படைத்தார் என்பதைச் சொல்கிறது என்று விளக்குங்கள். தெரியாத கேள்விக்கு "எனக்குத் தெரியல, சாமிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, அந்த வாரமே கேட்டும் சொல்லுங்கள். அதட்டி வாயை மூட வைத்த கேள்வி அங்கேயே உள்ளுக்குள் கிடக்கும்.

"வரமாட்டேன்" என்று ஒருநாள் சொல்லும். வாசலில் நின்று கத்தாதீர்கள். பள்ளிப் படிப்பு முடியும் வரை குடும்பமாகப் பூசைக்குப் போவது வீட்டு வழக்கம் என்று அமைதியாகச் சொல்லிக் கூட்டிப்போங்கள், காரணத்தை அன்று மாலை தனியாகக் கேளுங்கள். பல நேரம் காரணம் கடவுள் இல்லை. பாடகர் குழுவில் யாரோ கேலி செய்திருப்பார்கள், அல்லது பிரசங்கம் புரியவில்லை. உடுப்பு, முடிவெட்டு பற்றிய சண்டைகளை ஞாயிறு காலையில் போடாமல் வேறு நாளுக்கு வையுங்கள். உட்கார்ந்து கேட்கும் வேலை மட்டுமே கொடுத்தால் இந்த வயதுக்குப் போதாது. வாசகம் வாசிக்க, சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி உதவியாளராக இருக்க, வின்சென்ட் தே பவுல் சபையாரோடு முதியோர் வீட்டுக்குப் போக அனுப்புங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பூசை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் பங்குச் சாமியைக் கிழிப்பதும், "அவங்க நம்ம ஆளுங்க இல்ல" என்று கோவில் குடும்பங்களையே சாதி பார்த்துப் பேசுவதும் பிள்ளையின் விசுவாசத்தை அறுக்கும். கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று என்று கலாத்தியர் 3:28-ஐக் கோவிலில் வாசித்துவிட்டு, வீட்டில் கல்யாணப் பேச்சில் சாதியை எடுத்தால், இரண்டில் எது உண்மை என்று பதினைந்து வயதுப் பிள்ளை எடைபோடும். நம்புவது நீங்கள் வாழ்வதைத்தான்.

ஞானப்பெற்றோரும் சான்றிதழும்

ஞானப்பெற்றோராக இருக்க 16 வயது முடிந்திருக்க வேண்டும், உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும், கத்தோலிக்க வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும், பிள்ளையின் பெற்றோராக இருக்கக்கூடாது. ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். மோதிரம் போடுவார் என்று வசதி பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், பூசைக்கு வருபவரைப் பாருங்கள். ஞானஸ்நான நாளன்று ஆண்டுதோறும் அன்று கொடுத்த மெழுகுவர்த்தியை எடுத்து ஏற்றி, ஞானத்தாயையோ ஞானத்தகப்பனையோ பிள்ளையோடு போனிலாவது பேசவையுங்கள். வெயில் காலத்தில் மெழுகு வளையாமல் இருக்க அதைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் படுக்க வைக்க வேண்டும்.

ஞானஸ்நானச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். புதுநன்மை, உறுதிபூசுதல், திருமணம் எல்லாவற்றுக்கும் இது தேவை. இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திருத்த அலைவதைவிட, இப்போதே ஞானஸ்நானம் கொடுத்த பங்கில் எழுதிக் கொடுப்பது எளிது.

வெளியூருக்குப் போகும்போது

கல்லூரிக்குக் கோவைக்கோ சென்னைக்கோ போகிற பிள்ளையின் பெட்டியில் ஒரு ஜெபமாலையும் சின்னத் திருவிவிலியமும் ஞானஸ்நானச் சான்றிதழின் நகலும் வையுங்கள். விடுதியில் சேர்ப்பதற்கு முன்பே பக்கத்தில் எந்தப் பங்கு, தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். முடிந்தால் முதல் ஞாயிறு அங்கேயே தங்கி, கூடவே அந்தக் கோவிலுக்குப் போய், சாமியிடம் "இவன் என் பையன், இனி இங்கதான் வருவான்" என்று அறிமுகம் செய்துவிட்டு வாருங்கள். முதல் ஆறு வாரம் போகாத பிள்ளை பிறகு போவது அரிது. ஞாயிறு இரவு போனில் "பூசைக்குப் போனியா?" என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும். "இன்னைக்கு எங்க சாமி திராட்சைத் தோட்டத்து வேலைக்காரங்களைப் பத்திச் சொன்னார், உங்க ஊர்ல என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள்.